மூணு செகண்டு குடோன்

ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து அக்கூஸ்டிக் கிட்டார் ரெக்கார்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? வாசிக்கும்போது நல்லாத்தான் இருக்கும். ஹெட்போன் போட்டுக் கேட்டா, சோப்பு டப்பாவுக்குள்ள உட்கார்ந்து வாசிச்ச மாதிரி இருக்கும். நான் ஆறு மாசம் கிட்டாரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். தப்பு கிட்டார்ல இல்ல, ரூம்ல.

ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். நம்ம ரூமோ பத்தடிக்குப் பத்தடி. சுவர்ல பட்ட சத்தம் சில மில்லி செகண்டுலயே திரும்பி வந்து, கிட்டார்ல இருந்து நேரா மைக்குக்குப் போற சத்தத்தோட கலந்துடும். சில ஸ்வரம் தூக்கலாக் கேட்கும், சிலது அமுங்கிப் போகும். அதுதான் அந்த டப்பா சவுண்டு.

இதுக்கு வைத்தியம், முதல்ல ரூமை வாயை மூட வைக்கறது. போர்வை, மெத்தை எல்லாத்தையும் சுத்தி வச்சு, மைக்கை ஒரு அடி தூரத்துல 12-வது ஃப்ரெட் பக்கமாத் திருப்பி, முடிஞ்சவரை எதிரொலி இல்லாம 'டிரை'யா எடுக்கணும். அப்புறம் வேற ஒரு நல்ல ரூமை சாஃப்ட்வேர்ல சேர்க்கணும். அந்த 'வேற ரூம்' வர்ற ஃபைலுக்குப் பேர்தான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமா ஐ.ஆர்.

பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். எனக்கு அதுல அரியர். ஒரு சிஸ்டத்தை ஒரே ஒரு தடவை சுருக்குன்னு தட்டினா அது என்ன பதில் சொல்லுதோ, அதை வச்சு வேற எந்த சிக்னல் உள்ளே போனாலும் என்ன வெளியே வரும்னு கணக்குப் போட்டுடலாம். போர்டுல ஒரு முக்கோணத்தைத் திருப்பிப் போட்டு, ஒரு சதுரத்து மேல நகர்த்திக்கிட்டே போவாங்களே, அந்த கன்வல்யூஷன்தான் இந்தக் கணக்கு. ரூமும் ஒரு சிஸ்டம்தான். ஒரு பலூன் வெடிச்சா அதுதான் அந்தத் தட்டு. அதுக்குப் பின்னால வர்ற எதிரொலி முழுக்க அந்த ரூமோட கையெழுத்து.

எலக்ட்ரிக் கிட்டார் ஆளுங்க ஐ.ஆர்.னா வேற ஒண்ணை நினைப்பீங்க. அது ஸ்பீக்கர் பெட்டியோட ஐ.ஆர்., கண் சிமிட்டற நேரத்துல முடிஞ்சிடும். நான் சொல்றது செகண்டு கணக்குல நீளுற ரூம் ஐ.ஆர்.

இலவசமாக் கிடைக்கறதுல தேடினேன். பெரும்பாலும் ஐரோப்பாவோட சர்ச்சும் கச்சேரி ஹாலும்தான். நான் வாசிச்சது எங்க ஊர்ப் பக்கத்து மெட்டு. கேட்டா எங்கேயோ வெளிநாட்டு மாதா கோயில்ல கல்யாணம் நடக்கற மாதிரி இருந்துச்சு.

எங்க ஊர் போடி. அங்கிருந்து தேவாரம் வழியா கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் போனா பண்ணைப்புரம். லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சையில கிளாசிக்கல் கிட்டார் தேறின இளையராஜாவோட ஊர். ஆனா அவரோட பாட்டுல நாம 'நம்ம மண்ணு'ன்னு கேட்கறதுல பாதிக்கு மேல சென்னையில பிரசாத் ஸ்டுடியோ மாதிரி ரூம்களோட காத்தும் கலந்திருக்கு. எங்க பக்கத்து ரூம் எதுவும் நான் தேடின எந்த லிஸ்ட்லயும் இல்ல.

தாத்தா போடியில ஏலக்காய் குடோன் வச்சிருந்தார். மலையில இருந்து வர்ற காயைக் கொட்டி வச்சா, அக்காமாருங்க வரிசையா உட்கார்ந்து தரம் பிரிப்பாங்க. தாத்தா போய் ரெண்டு வருஷம். குடோன் காலி. போன ஆடியில அப்பா போன் பண்ணார்: "குடோனைப் பேசி முடிச்சாச்சுப்பா. வாங்கினவங்க அடுத்த மாசம் இடிக்கிறாங்க." பெரியப்பா, அப்பா, சித்தப்பா, மூணு பங்கு, மூணு பேருக்கும் கடன். யாரைக் குறை சொல்ல? எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த இடத்தோட சத்தம். சின்ன வயசுல சாக்கு இல்லாத நாள்ல உள்ளே ஓடி என் பேரையே கத்துவேன். குடோன் திருப்பிக் கத்தும். சாக்கு நிறைஞ்சிருந்தா அதே குடோன் ஊமை.

இந்த வித்தியாசத்தை ஒருத்தர் கணக்கா ஆக்கியிருக்கார். நம்ம பெரியாறு அணை திறந்த அதே 1895-ல, ஹார்வர்டுல வாலஸ் சபைன்கிற இளம் பேராசிரியர்கிட்ட, பேசினா ஒண்ணும் புரியாத ஒரு லெக்சர் ஹாலைச் சரி பண்ணச் சொன்னாங்க. பக்கத்து தியேட்டர் சீட் மெத்தைகளை ராத்திரியில தூக்கிட்டு வந்து அடுக்கி, ஆர்கன் குழாயும் ஸ்டாப் வாட்சுமா அளந்தார். காலி ஹால்ல சத்தம் அடங்க சுமார் 5.5 செகண்டு. மெத்தை கூடக் கூட நேரம் குறைஞ்சுது. அறையோட கன மீட்டரை 0.161-ஆல பெருக்கி, மொத்த உறிஞ்சுதிறனால வகுத்தா எதிரொலி நேரம் வந்துடும். அவருக்கு மெத்தை, எங்களுக்கு ஏலக்காய்ச் சாக்கு.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிட்டேன். ஆடிக் காத்துல தகரக் கதவு அடிக்கும்னு விடியறதுக்கு முன்னாலேயே போனேன். கூடவே அப்பத்தா. நீங்களும் செய்யறதா இருந்தா குறிச்சுக்கோங்க. போனை ஏர்பிளேன் மோடுல போடுங்க. சத்தத்தைத் தானா ஏத்தி இறக்கற வசதி, நாய்ஸ் குறைக்கற வசதி ரெண்டையும் அணைச்சு, வேவ் ஃபைலா எடுங்க. நீங்க உட்கார்ந்து வாசிக்கற இடத்துல பலூன், கேட்கறவங்க இருக்கற இடத்துல மைக். ஒரே அளவுல அஞ்சாறு பலூன். வெடிச்ச பிறகு அசையாதீங்க, மூச்சு விடற சத்தம்கூட விழும்.

பலூன் முழுசான இம்பல்ஸ் இல்ல, அடி ஒலி கம்மியா வரும். நல்ல ஸ்பீக்கர் இருந்தா 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறுற சைன் ஸ்வீப்பை ஓட்டலாம். 2000-ல ஆஞ்சலோ ஃபரினா சொன்ன முறை அது. எனக்கு இருந்தது ஒரு பலூன் பாக்கெட்டும் ஒரு விடியலும்.

முதல் பலூன், போன் மைக் கிழிஞ்சிருச்சு; லெவலைக் குறைச்சேன். ரெண்டாவதுல லாரி ஹாரன். மூணாவது வெடிச்சு எதிரொலி ஓடிக்கிட்டு இருக்கும்போதே அப்பத்தா, "ஏன்டா, காலங்காத்தால எதுக்குடா வேட்டு?" நாலாவது சுத்தம்.

ரூமுக்கு வந்து வேவ் ஃபைலோட முன்பக்க மௌனத்தை வெட்டிட்டு, ரீப்பர்ல ரியாவெர்ப்ல ஏத்தினேன். அடக்க நேரம் கிட்டத்தட்ட மூணு செகண்டு. கிட்டாருக்கு அது அதிகம். எதிரொலியை இருபது சதவீதம்தான் கலந்தேன், அதோட அடி ஒலியையும் கொஞ்சம் வெட்டினேன். ஒரு தடவை தப்பா மூணாவது ஃபைலை ஏத்திட்டேன். ஒவ்வொரு தந்தி மீட்டலுக்குப் பின்னாலும் வார்த்தை தெரியாத ஒரு புகைமூட்டம். அது அப்பத்தா. கன்வல்யூஷன் எனக்கு முழுசாப் புரிஞ்சது அன்னைக்குத்தான்.

இஸ்தான்புல்ல ஹாகியா சோஃபியாவுல பாட அனுமதி இல்லாததால, ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்களும் பலூன்தான் வெடிச்சாங்க. அந்த எதிரொலி பத்து செகண்டுக்கு மேல. அதை வச்சு ஒரு பாடகர் குழு கலிஃபோர்னியாவுலயே பாடி 2019-ல ஆல்பம் வந்துச்சு. அந்தக் கட்டிடம் இன்னும் நிக்குது. எங்க குடோன் இடம் இப்ப வெறும் தரை.

என்கிட்ட இருக்கறது ஒரு காலி குடோன், ஒரு விடியல், ஒரு மைக் வச்ச இடம், அவ்வளவுதான். தாத்தா இருந்தப்ப சாக்கு அடுக்கின குடோன் இதுல இல்ல. அந்த வாசனையும் இல்ல. அதுக்கு நான் முன்னாலேயே போயிருக்கணும்.

தீபாவளிக்குப் போனப்ப அப்பத்தா காதுல ஹெட்போனை வச்சேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "நம்ம குடோன்ல வாசிச்சியா? எப்படா? என்கிட்ட சொல்லவே இல்ல" அப்படின்னாங்க. நான் அங்கே கிட்டாரே எடுத்துட்டுப் போனதில்ல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு இடம் இருக்கும். இடிக்கறதுக்கு முன்னால போங்க. சாமான் எல்லாம் காலி பண்றதுக்கு முன்னால ஒரு பலூன், காலி பண்ண பிறகு ஒரு பலூன்.

அரியர் என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? பேப்பர் எழுதியாச்சு, ரிசல்ட் வரணும்.