அம்மாவின் 'சாப்டியா?'

நம் வாட்ஸ்அப் செய்திகளைச் சுமக்கும் சர்வர்களின் மொழி எர்லாங். 1986-ல் எரிக்சன் நிறுவனத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை மனதில் வைத்துப் பிறந்தது. இப்போது அதைப் படித்து வருகிறேன்.

என் முதல் புரோகிராமில் இரண்டு பிராசஸ்கள். ஒன்று 'பிங்' என்று அனுப்பினால், மற்றது 'பாங்' என்று பதில் தரும். ஒன்றின் நினைவகத்தில் இன்னொன்று கைவைக்க முடியாது. செய்தி மட்டுமே அனுப்பலாம். அது எதிர்ப்பக்கத்துத் தபால்பெட்டியில் காத்திருக்கும். அனுப்பிய பிராசஸ் தன் வேலையைத் தொடரும்.

பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கெடு வைக்கலாம். வைக்காவிட்டால், பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும்.

ஊரிலிருந்து அம்மா 'சாப்டியா?' என்று அனுப்புவார். நைட் ஷிஃப்ட் இடைவேளையில், ஒன்றரை மணிக்கு 'சாப்டேன்மா' என்பேன். அடுத்த நொடியே இரண்டு நீல டிக். அம்மா கெடு வைப்பதே இல்லை.