சனிக்கிழமை திரேஸ்புரம்: மீன் ஏலம் பார்க்கப் போகிறீர்களா?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. அதனால் ஆலங்குளத்தின் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு ஒரு குறையும் வந்ததில்லை. (தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் அல்ல, வெம்பக்கோட்டை பக்கம், அரசு சிமென்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம்.) சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வரும் பட்டாசு, தீப்பெட்டி வட்டாரம் இது. ஞாயிறு என்றால் கறியோ மீனோ அடுப்பில் ஏறியாக வேண்டும். மீன் என்றால் பக்கத்துக் கடல் தூத்துக்குடிதான்.

அந்த மீன் கரையேறுகிற இடத்தை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று பலருக்கும் ஆசை இருக்கும். குழந்தைகளுக்குக் கேட்கவே வேண்டாம். ஆலங்குளத்தில் இருந்து கோவில்பட்டி போய், எட்டயபுரம் வழியாகப் போனால் தூத்துக்குடி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால், கரிசல் காடு முடிந்து உப்பளங்கள் கண்ணில் படும்போது பொழுது விடிந்துவிடும்.

தூத்துக்குடியில் மீன் இரண்டு விதமாகக் கரைக்கு வருகிறது. மீன்பிடித் துறைமுகத்தில் நிற்பவை விசைப்படகுகள். அதிகாலை 5 மணிக்குக் கடலுக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது இங்கே விதி. அதனால் அங்கே ஏலம் இரவு நேர விவகாரம். வடக்கே திரேஸ்புரத்தில் இருப்பவை வல்லங்களும் பைபர் படகுகளும். நாட்டுப்படகு மீனவர்களின் கரை அது. அவர்களில் சிலர் இரண்டு மூன்று நாள் கடலில் தங்கிவிட்டு வருவார்கள். ஞாயிறு பெரும்பாலும் யாரும் தொழிலுக்குப் போவதில்லை என்பதால், வாரக் கடைசியில் எல்லாரும் கரை திரும்புகிறார்கள். சனிக்கிழமை காலை திரேஸ்புரம் திருவிழாக் கூட்டமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சுற்றிப் பார்க்க வருபவருக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. அங்கே வேலை செய்கிறவருக்கு இதைவிட நெருக்கடியான நாளும் கிடையாது. பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏலம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால், எங்கே நிற்கக் கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும்.

படகில் இருந்து மீன் இறங்கியதும் இனம் வாரியாகப் பிரிப்பார்கள். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று சொல்கிற மீனுக்கு இங்கே சீலா என்று பெயர். அது தனியாகப் போகும். விளைமீன், பாறை, ஊளி, சூரை என்று ஒவ்வொன்றும் தனித்தனி. சாளை, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் கூடைக் கணக்கு அல்லது குவியல் கணக்கு. ஏலம் கூறுபவர் ஒரு தொகையில் ஆரம்பித்து மளமளவென்று ஏற்றிக்கொண்டே போவார். புதிதாகக் கேட்பவருக்கு அது பாட்டு மாதிரி இருக்கும். சுற்றி நிற்பவர்களில் கேரளாவுக்கு லாரி ஏற்றும் பெரிய வியாபாரி இருப்பார். நாலு பேராகப் பணம் போட்டு ஒரு கூடையை எடுத்துப் பங்கு பிரித்து, தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்கப்போகும் பெண்களும் இருப்பார்கள். ஒரு தலையசைப்பில் விலை முடிந்துவிடும். அடுத்த குவியல்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. கரையேறிய மீனுக்கு நிமிடத்துக்கு நிமிடம் மதிப்பு குறையும். முதலில் வந்த படகுக்கு ஒரு விலை என்றால், பின்னாலேயே பத்துப் படகு வந்துவிட்டால் வேறு விலை. படகுத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியதை உடைமையாளரும் தொழிலாளிகளும் பிரித்துக்கொள்கிறார்கள். முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் மீனைப் போட வேண்டும், அதில் கமிஷனும் கழியும் என்ற கட்டு பல படகுகளுக்கு உண்டு. ஆக, நீங்கள் செல்போனில் வீடியோ எடுக்கிற அந்த நாற்பது விநாடியில்தான், மூன்று நாள் கடலில் கிடந்தவரின் வீட்டுக்கு இந்த வாரம் எவ்வளவு போகும் என்பது முடிவாகிறது. அந்த வட்டத்துக்குள் தலையை நீட்டி, "அண்ணாச்சி, இது கிலோ எவ்வளவு?" என்று கேட்டால் அவர் எரிந்து விழுவதில் தப்பே இல்லை.

ஆலங்குளம், சிவகாசி வட்டாரத்துக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்குள் வெளியாள் வேடிக்கை பார்க்க வந்து நின்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். மருந்து செலுத்தும் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. செல்போன் உள்ளே வரவே கூடாது. 'வேலை நடக்கிற இடம்' என்ற சொல்லுக்கு அங்கே உயிர் விலை. மீன் கரையில் வெடி கிடையாது. ஆனால் வழுக்குகிற தரையில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் குறுக்கே நீங்கள் நின்றால், அவருக்கு இடுப்பு போகும்.

உலகத்தின் மிகப் பிரபலமான மீன் சந்தை ஒன்று இதே சிக்கலில் மாட்டிய கதை உண்டு. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் 1935இல் திறக்கப்பட்ட ட்சுகிஜி சந்தையில், விடியற்காலை நடக்கும் சூரை மீன் ஏலத்தைப் பார்க்க வெளிநாட்டுப் பயணிகள் குவிந்தார்கள். பிளாஷ் அடித்துப் படம் எடுத்தார்கள், மீனைத் தொட்டுப் பார்த்தார்கள், வண்டி போகிற வழியில் நின்றார்கள். பொறுத்துப் பார்த்த நிர்வாகம், 2008 டிசம்பரில் சுமார் ஒரு மாதத்துக்குப் பார்வையாளர்களை நிறுத்தியே விட்டது. பிறகு ஒரு நாளைக்கு 120 பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. 2018 அக்டோபரில் சந்தை டொயோசுவுக்கு இடம் மாறியபோது, பயணிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் ஏற்றிவிட்டார்கள். கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.

திரேஸ்புரத்தில் கண்ணாடி கிடையாது, குலுக்கல் கிடையாது. அங்கே நம்பியிருப்பது வருகிறவரின் புத்தியை மட்டும்தான்.

முதல் விஷயம் செருப்பு. தோல் செருப்பும் புது ஷூவும் வேண்டாம். கழுவினால் போகிற ரப்பர் செருப்பு, அதுவும் பிடிமானம் உள்ளதாக. கால்சட்டையை முழங்கால் வரை ஏற்றிவிட முடிய வேண்டும். சின்னக் குழந்தைகளின் கையை விடவே கூடாது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் ஏலம் நடக்கிற இடத்துக்கு அழைத்துப்போகாமல், தள்ளி நின்று படகுகள் வருவதைக் காட்டினாலே அவர்களுக்குப் போதும். "வழி, வழி" என்ற குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நகர்ந்துவிடுங்கள். துறைமுக வளாகத்துக்குள் போவதாக இருந்தால் வாசலிலேயே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. கடலையும் படகையும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். மனிதர்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். கூடைக்குப் பக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலை பார்க்கும் பெண்ணை, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கிடவா?" என்று கேட்க ஐந்து விநாடிகூட ஆகாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 'இங்கே மீன் அடிமாட்டு விலை' என்று தலைப்புப் போட்டு ரீல்ஸ் விடுபவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. அது மொத்த விலை. கூடையோடு எடுப்பவருக்கான விலை. வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர் அதே விலைக்கு அரைக் கிலோ கேட்டுச் சண்டை போடுவது தெருவில் விற்கிற பெண்ணிடம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மூக்கு. மீன் கரையில் மீன் வாடைதான் அடிக்கும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதும், "ஐயே, கவிச்சி" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பதும் அங்கே நிற்பவர்களின் முகத்தில் அறைகிற மாதிரி. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய மூதாட்டி ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்தில் இருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்: மீன் விற்றவள் பஸ்ஸில் ஏறக் கூடாதா? வாடை தாங்காது என்று முன்பே தெரிந்தவர்கள், திரேஸ்புரத்தைத் தவிர்த்துவிட்டுக் கடற்கரையில் காற்று வாங்கலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

சரி, மீன் வாங்க வேண்டாமா? கட்டாயம் வாங்க வேண்டும். ஆனால் ஏலத்தில் அல்ல. மொத்த வியாபாரம் ஓய்ந்த பிறகு, கூறு போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாங்குங்கள். பேரம் பேசலாம், அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. விலை படிந்த பிறகு "சும்மா கேட்டேன்" என்று நகர்வதுதான் பெரிய குற்றம். அது அவருக்கு முதல் போணியாக இருந்துவிட்டால், நீங்கள் நகர்ந்த பிறகு காதில் விழுவதை இங்கே எழுத முடியாது. செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றால், "பார்க்கலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். செவுள் சிவப்பாகவும் கண் குழி விழாமல் பளிச்சென்றும் இருந்தால் போதும். அமுக்கி அமுக்கிப் பார்த்தால் அடுத்தவருக்கு அந்த மீன் குழைந்துவிடும். சுத்தம் செய்து தருபவர்களிடம் கொடுத்தால், கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சீலா துண்டு போடுவது பார்ப்பதற்குத்தான் சுலபம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளின் மீனுக்குக் கிராக்கி ஏறி, விலையும் ஏறும். பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் கிளம்பும் குடும்பங்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும். 'கொள்ளை விலை' என்று அங்கே போய் அலுத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விட்ட இடைவெளி அது.

திரும்பி வரும் வழி இரண்டரை, மூன்று மணி நேரம். வெயில் வேறு. வீட்டில் இருந்தே தெர்மாக்கோல் பெட்டி எடுத்துப்போவது உத்தமம். மீன் எடைக்குச் சமமாக ஐஸ் வாங்கி, கீழே ஒரு அடுக்கு, நடுவில் மீன், மேலே ஒரு அடுக்கு என்று போட்டு மூடி, டேப் ஒட்டிவிட்டால் ஆலங்குளம் வரை ஒரு சொட்டும் வெளியே வராது. பஸ்ஸில் வருகிறவர்கள் பக்கத்து சீட்டுக்காரரையும் நினைத்துப் பார்த்து, பெட்டியை இன்னொரு பையில் போட்டுக் கட்டுவது நல்லது. கிளம்புவதற்கு முன் தூத்துக்குடி மக்ரூன் வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. அந்தப் பொட்டலத்தை மட்டும் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பண்டம் ஈரத்தையும் வாடையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும்.