சிவப்பு ஒயர் ஃபிரேமுக்கா?

பேட்டரி மாட்டத் தெரிஞ்ச எல்லாருக்கும் ஒரு மந்திரம் தெரியும். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். மைனஸை பாடியில முறுக்கு, பிளஸ்ஸை ஒயரிங்குக்குக் குடு, முடிஞ்சது ஜோலி. இன்னிக்கு ஷோரூம்ல இருந்து வர்ற வண்டிக்கெல்லாம் இது சரிதான். ஆனா சில பழைய வண்டிகள்கிட்ட போய் இதே மந்திரத்தைச் சொன்னா புகை கிளம்பும். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லலை. வாலாஜாபேட்டையில எங்க பெரியப்பாவோட புல்லட்ல நிஜமாவே கிளம்பிச்சு. அதான் இந்தப் பதிவு.

முதல்ல எர்த்துன்னா என்னன்னு பார்த்துடுவோம். வீட்டுல எர்த்துன்னா குழி வெட்டி, தகடு இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடுவாங்க. (தோல் ஷாப்பு நிறைஞ்ச எங்க ஏரியாவுல உப்புக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. பச்சைத் தோல் கெடாம வர்றதே உப்புலதான்.) வண்டியில அந்தக் கதையே இல்லை. ரெண்டு ரப்பர் டயர் மேல நிக்கற வண்டிக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? வண்டியில எர்த்துன்னா ஃபிரேம், அவ்வளவுதான். பேட்டரியில இருந்து பல்புக்கு ஒரு ஒயர் போகணும், பல்புல இருந்து பேட்டரிக்கு இன்னொரு ஒயர் திரும்பணும். திரும்பற ஒயருக்குப் பதிலா இரும்பு ஃபிரேமையே பாதையா வெச்சுக்கிட்டா பாதி ஒயர் மிச்சம். பேட்டரியோட ஒரு முனையை ஃபிரேம்ல கட்டணும். எந்த முனைன்னு பல்பு கேக்காது, ஹாரனும் கேக்காது. எல்லாப் பாகமும் ஒரே முடிவுக்குக் கட்டுப்பட்டா போதும்.

ஆக, இது ஒரு ஒப்பந்தம். மின்சாரத்துக்கு பிளஸ், மைனஸ்னு பேர் வெச்சதே ஒரு ஒப்பந்தம்தான். 1740-கள்ல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு பக்கத்தை பிளஸ்னு சொல்லி வெச்சார். 1897-ல ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடிச்சப்ப பார்த்தா, ஒயருக்குள்ள ஓடறவங்க மைனஸ்காரங்க! அதுக்காக ஃபிராங்க்ளின் வெச்ச பேரை யாரும் மாத்தலை. நூத்தம்பது வருஷப் பழைய கோடுல கை வெக்க யாருக்குத்தான் தைரியம் வரும்? :-)

இங்கிலாந்துக்காரங்க 1930-கள்ல கார்கள்ல பிளஸ்ஸை பாடிக்கு மாத்தினாங்க. மோட்டார் சைக்கிள்கள் 1950-ஐ ஒட்டி அந்தப் பக்கம் வந்துச்சு. ரெண்டு காரணம் சொல்லுவாங்க. ஒண்ணு, ஸ்பார்க் பிளக். நடு முனைதான் ரொம்பச் சூடாகும். சூடான உலோகத்துல இருந்து எலக்ட்ரான் லேசா கிளம்பும். அதனால நடு முனை மைனஸா இருந்தா கொஞ்சம் கம்மி வோல்டேஜ்லயே பொறி பறக்கும். (காயில்ல ரெண்டு ஒயரை மாத்திப் போட்டாலும் இதைக் கொண்டு வந்துடலாம், அது வேற விஷயம்.) ரெண்டாவது, அரிப்பு. ஈரம் பட்டா பிளஸ் பக்கத்து உலோகம்தான் முதல்ல கரையும். ஒயரிங் எல்லாம் மைனஸா இருந்தா மெல்லிசான செம்பு தப்பிச்சுக்கும், தடிமனான இரும்பு அந்த அடியைத் தாங்கிக்கும்.

இதை வெள்ளைக்காரன் பழைய கிறுக்குன்னு ஒதுக்கிடாதீங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல பேட்டரியை 'மைனஸ் 48 வோல்ட்'னுதான் சொல்லுவாங்க. அங்கயும் பிளஸ்தான் எர்த். பூமிக்குள்ள போற கேபிள் அரிச்சுப் போகக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு, இன்னிக்கும் நடக்குது.

வண்டிகள் மட்டும் திரும்பி வந்துச்சு. டயோடு, டிரான்சிஸ்டர்னு திசை பார்க்கற சாமான்கள் வண்டிக்குள்ள வந்ததும் உலகம் முழுக்க ஒரே பழக்கம் தேவைப்பட்டுச்சு. 1960-கள்ல கார்களும், பின்னாடி 1970-கள்ல இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள்களும் மைனஸ் எர்த்துக்கு வந்துச்சு. அதுக்குள்ள நம்ம ஊருக்கு ஒரு டிசைன் வந்து இறங்கியாச்சு. ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. ரெட்டிச்ல பொறந்த 350 சிசி புல்லட் திருவொற்றியூர்ல தயாராச்சு. ரெட்டிச் தொழிற்சாலையை 1967-ல மூடிட்டாங்க. இங்க வண்டி நிக்கவே இல்லை. அந்தக் காலத்து ஒயரிங் பழக்கமும் கூடவே நம்ம ஊர் ரோட்டுல ஓடிச்சு.

சரி, பெரியப்பா கதைக்கு வருவோம். அவர் ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் ஷாப்புல கணக்கு பார்த்தவர். 1979-ல செகண்ட் ஹேண்டா வாங்கின ஆறு வோல்ட் புல்லட். வண்டி செஞ்ச வருஷம் ஆர்.சி. புக்ல ஒண்ணு இருக்கும். ஆனா எஞ்சின் ஒரு வருஷத்தது, ஒயரிங் ஒரு வருஷத்தது, டாங்க் எந்த வண்டியோடதுன்னு டாங்குக்கே தெரியாது. அப்படி ஒரு வண்டி.

பேட்டரி செத்துப் போச்சுன்னு ஒரு கடைக்குத் தள்ளிட்டுப் போயிருக்கார். கடைப்பையன் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கான். பிளஸ்ல இருந்து வர்ற ஒயர் ஃபிரேம்ல இருக்கு. "யாரோ மாத்தி மாட்டியிருக்காங்க சார், நல்ல நேரம் வந்தீங்க"ன்னு சொல்லி, புது பேட்டரியில மைனஸை ஃபிரேமுக்குக் குடுத்துட்டான். ரெண்டாவது முனையை வைக்கும்போதே பொறி பறந்திருக்கு. "புது பேட்டரின்னா அப்படித்தான்"னு சொல்லிக்கிட்டே முறுக்கியிருக்கான். ஸீட்டுக்கு அடியில புகை. ஒரு சாண் முன்னாடி பெட்ரோல் டாங்க். பெரியப்பா வெறுங்கையால ஒயரைப் புடுங்கி எறிஞ்சிருக்கார். எழுபத்தி மூணு வயசு. ரெண்டு விரல்ல கொப்புளம்.

எனக்கு ராத்திரி போன் வந்தது. கொப்புளத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. "நாப்பது வருஷமா பிளஸ்ஸ ஃபிரேமுல வெச்சிக்கினுதான்டா ஓடிச்சி. இப்ப வந்து தப்புன்றான். எதுடா சரி?"

அடுத்த சனிக்கிழமை போனேன். அவரோட மெக்கானிக் பாய் வந்திருந்தார். நான் மல்டிமீட்டரை எடுத்துட்டு, "பாய், ஒயர் கலர் எல்லாம் குழப்பமா இருக்கே"ன்னேன்.

"இன்னா தம்பி, கலரைப் பாத்தா ஒயர் மாட்டுவாங்க? இந்த வண்டியில எத்தினி பேரு கை வெச்சிருப்பான்! ரெக்டிஃபையர கேளு, அது சொல்லும்."

நான் படிச்ச நாலு வருஷ இன்ஜினியரிங்கை பாய் ஒரே வரியில முடிச்சுட்டார். பழைய வண்டியில சாட்சி சொல்ல வேண்டியது ரெக்டிஃபையர்தான். ஆல்டர்னேட்டர்ல இருந்து வர்ற மாறு மின்னோட்டத்தை ஒரே திசையாக்கி பேட்டரிக்குக் குடுக்கறது அது. அதோட பிளஸ் முனை ஃபிரேமுக்குப் போனா வண்டி பிளஸ் எர்த். சில பழைய ரெக்டிஃபையர்கள்ல, அதை ஃபிரேம்ல பிடிக்கற நடு போல்ட்டே பிளஸ்தான். பேட்டரியைத் தலைகீழா மாட்டினா என்ன ஆகும்? தடுக்க வேண்டிய டயோடு எல்லாம் கதவைத் திறந்துடும். பேட்டரி தன்னோட ரெண்டு முனையையும் ரெக்டிஃபையர் வழியாவே ஷார்ட் பண்ணிக்கும். ஃபியூஸ் இல்லேன்னா ஒயர்தான் ஃபியூஸ். பெரியப்பா வண்டியில நடந்தது அதுதான். ரெக்டிஃபையரும் ஒரு அடி ஒயரும் போச்சு. மத்ததெல்லாம் பொழைச்சுது.

"பேசாம மைனஸுக்கே மாத்திடலாம்"னு அண்ணன் சொன்னான். மாத்தலாம், ஒண்ணும் கஷ்டமில்லை. பேட்டரியைத் திருப்பணும், ரெக்டிஃபையர் இணைப்பைத் திருப்பணும், ஆம்மீட்டர் ஒயர் ரெண்டையும் மாத்தணும் (இல்லேன்னா சார்ஜ் ஏறும்போது இறங்குதுன்னு காட்டும்), காயில்ல ரெண்டு ஒயரை மாத்தணும். டைனமோ வண்டியா இருந்தா ஃபீல்டு முனையில பேட்டரி கரண்ட்டை ஒரு நொடி தொட்டு எடுத்து, அதுக்குள்ள மிச்சம் இருக்கற காந்தத்தையும் திருப்பணும். இதுல ஒண்ணை விட்டாலும் வண்டி அரைகுறையா ஓடும், ஆனா ஓடும். அதான் ஆபத்து. ஓடுதேன்னு விட்டுடுவோம்.

லாபம் என்னன்னு கேட்டா, எல்.ஈ.டி. லைட்டும் போன் சார்ஜரும் நேரா மாட்டலாம். சார்ஜர் விஷயம் முக்கியம். யூ.எஸ்.பி. முனையோட உலோக ஓடு மைனஸ். பிளஸ் எர்த் வண்டியில அந்த ஓடு ஹேண்டில்பார்ல பட்டாலே ஷார்ட். பெரியப்பாகிட்ட கேட்டேன். "போன வெச்சிக்கினு வண்டி ஓட்றவன்லாம் ஒரு ஆளா?"ன்னார். விவாதம் முடிஞ்சது. பிளஸ் எர்த் அப்படியே இருக்கட்டும்னு முடிவாச்சு.

ஆனா ஒண்ணு. எந்த முனைங்கறது பாதி விஷயம்தான். அது எவ்வளவு நல்லா ஃபிரேமைத் தொடுதுங்கறதுதான் மீதிப் பாதி. ஹெட்லைட் மினுக் மினுக்னு எரியுதேன்னு பெரியப்பா ரொம்ப நாளா புலம்பிக்கிட்டு இருந்தார். காரணம் கீழ இருந்துச்சு. ஃபிரேமுக்கு பளபளன்னு பெயிண்ட் அடிச்சு, பெயிண்ட் மேலயே எர்த் லக்கை வெச்சு போல்ட் போட்டிருந்தாங்க. பெயிண்ட் கரண்ட் கடத்தாது.

கணக்கு போட்டுப் பாருங்க. ஆறு வோல்ட்ல 30 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். எர்த் ஜாயிண்ட்ல வெறும் 0.2 ஓம் இருந்தா அங்கயே 1 வோல்ட் காலி, ஆறுல ஒரு பங்கு. வெளிச்சம் வோல்டேஜை விட வேகமா விழும், கிட்டத்தட்ட பாதி ஆயிடும். இதே வாட் 12 வோல்ட் வண்டியில 2.5 ஆம்பியர்தான், அரை வோல்ட்தான் போகும், இருபத்தி நாலுல ஒரு பங்கு. ஆறு வோல்ட் வண்டிக்கு எர்த் நாலு மடங்கு முக்கியம்னு அர்த்தம்.

பாய் உப்புத்தாளால ஒரு ரூபாய் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி இரும்பைக் காட்டினார். பல் வாஷர் போட்டு லக்கை இறுக்கினார். மேல வேஸ்லின் தடவினார். எஞ்சின்ல இருந்து ஃபிரேமுக்குத் தனியா ஒரு ஒயர். ஹெட்லைட்ல இருந்தும் ஃபிரேமுக்கு ஒரு ஒயர், ஏன்னா அது இல்லேன்னா ஹெட்லைட் எர்த் ஹேண்டில்பார் பேரிங்குல இருக்கற கிரீஸைத் தாண்டித்தான் போகணும். அன்னிக்கு ராத்திரி எம்.பி.டி. ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு. புலிக்கண் ரெண்டும், நடுவுல ஹெட்லைட்டும் மஞ்சளா, ஆனா நிதானமா எரிஞ்சுது.

உங்க வீட்டுல பழைய வண்டி இருந்தா ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. பேட்டரி கழட்டும்போது முதல்ல மைனஸைக் கழட்டணும்னு சொல்லுவாங்க. நிஜமான விதி அது இல்லை. முதல்ல எர்த்தைக் கழட்டணும், கடைசியா எர்த்தை மாட்டணும். அப்பதான் ஸ்பேனர் ஃபிரேம்ல பட்டாலும் பொறி வராது. பிளஸ் எர்த் வண்டியில அது பிளஸ். இன்னொண்ணு, சார்ஜர்ல போடும்போது மட்டும் எந்த வண்டி பேட்டரியா இருந்தாலும் பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். அதுல எந்தக் குழப்பமும் இல்லை.

கடைப்பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவன் பொறந்ததுல இருந்து மைனஸ் எர்த் வண்டியைத்தான் பார்த்திருப்பான். ஆபீஸ்ல பழைய புரோகிராமைத் திறக்கற புதுப் பசங்களும் இப்படித்தான், தலைகீழா ஒரு வரி இருந்தா உடனே திருத்தக் கை பரபரக்கும். தலைகீழா இருக்கறது ஒண்ணு தப்பா இருக்கணும், இல்லேன்னா எழுதினவனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கணும். எதுன்னு கேக்கறதுக்கு ஆள் இல்லாமப் போறதுதான் பிரச்சனை. பாய்க்கு அறுபது தாண்டியாச்சு. அவர் பையன் ஓசூர்ல வேலையில இருக்கான், ஸ்பேனரைத் தொடறதில்லை.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை செஞ்சேன். பேட்டரியோட மைனஸ் ஒயர்ல, அதாவது இந்த வண்டியில கரண்ட் இருக்கற ஒயர்ல, 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு போட்டேன். பேட்டரிப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் வெள்ளைப் பெயிண்ட்ல எழுதினேன்: "இந்த வண்டிக்கு பிளஸ்தான் எர்த். மாத்தாதீங்க."

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்து படிச்சுப் பார்த்தார். "இங்கிலீஷ்லயும் எழுதுடா. யாரு வாங்குவானோ"ன்னார். விக்கறதைப் பத்தி அவர் வாயில இருந்து வந்த முதல் வார்த்தை அது. நான் ஒண்ணும் பேசலை, இங்கிலீஷ்லயும் எழுதினேன்.