மாரி இரவும் மண்சட்டிக் கோழியும்

மட்டக்களப்புக்குச் செல்வோர் பலர் கோடை நிலவையே நாடுவர். கல்லடிப் பாலத்தருகே மீன் பாடுவதைக் கேட்க அதுவே காலம். நான் சென்றதோ மார்கழியில். வாடைக்காற்று வாவியைக் கலக்க, மழை ஓயாது பொழிந்தது. பனி விழாத நாடெனினும் ஈரக்காற்று எலும்பிலே உறைத்தது.

பறங்கியர் இல்லமொன்றில் விருந்தினனாய்த் தங்கினேன். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அவ்வாட்சிகள் மறைந்தன. 'பாண்', 'போறணை' என்னும் போர்த்துக்கேயச் சொற்களோ நம் எல்லோர் நாவிலும் நிலைத்துவிட்டன.

அவ்வீட்டில் போறணை இல்லை. மூதாட்டியார் மண்சட்டியிலே உருளைக்கிழங்கு வில்லைகளை அடுக்கினார். அவற்றின்மேல் கறுவா, ஏலம், ரம்பை சேர்த்து அரைவேக்காடாக்கிய கோழிக்கறி. பின்னர் தேங்காயின் முதற்பால். எல்லாவற்றின் மேலும் பாண்தூள். தகர மூடியிட்டு, அடியிலே சிறிதும் மூடிமேல் மிகுதியுமாகச் சிரட்டைத் தணல் பரப்பினார்.

"கீழ்நெருப்பு மிஞ்சினால் அடிப்பிடிக்கும், தம்பி. மேல்நெருப்புத்தான் சிவக்க வைக்கும்" என்றார்.

டச்பாரிலிருந்த அவரது பழைய வீட்டை 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. தாயார் எழுதிய சமையற் குறிப்பேடும் அதனுடன் போயிற்று.

"ஏடு போனாலும் கை மறக்கவில்லை. இவள் கையும் பழகிவிட்டால் போதும்" என்று கூறி, இடுக்கியைப் பேத்தியிடம் நீட்டினார். சிறுமி அச்சத்தோடு ஒரு தணலை எடுத்து மூடிமேல் வைத்தாள்.

முக்கால் மணி நேரத்தில் மூடி திறந்தது. பொன்னிறமாய்ச் சிவந்த மேற்பரப்பிலிருந்து ஆவி எழுந்தது. சட்டி வெறுமையாகும்வரை மழையும் விடவில்லை, நாங்களும் எழவில்லை.