உத்தரவாத முத்திரை

மடிக்கணினியோடு வந்த கையேட்டை நான் முதன்முதலாகப் படித்தது, கணினி செத்த பிறகுதான். இத்தகைய கையேடுகளில் 'இயங்குவதற்கு உரிய சூழல் வெப்பநிலை' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலானவற்றில் அதன் உச்ச வரம்பு 35 டிகிரி. எட்டயபுரத்தில் பங்குனி பிறந்துவிட்டால், நண்பகலில் நிழலிலேயே அந்த வரம்பு கடந்துபோகும். கத்திரி முடிந்த பிறகும் கரிசல் காட்டில் அனல் காற்று ஓய்வதில்லை. ஆகக் கையேட்டின்படி நடப்பதென்றால் ஆண்டில் பல மாதங்கள் எங்கள் ஊரில் மடிக்கணினியைத் திறக்கவே கூடாது. இதை விற்பவர் சொல்வதில்லை. வாங்குபவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.

நான் வாங்கியது 2009 ஜூனில், மதுரையில். முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கரிசல் வட்டார ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்துக்கொண்டிருந்த காலம் அது. கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இரவல் கிடைத்திருந்தது. அதில் கொள்ளும் அளவு குறைவு. ஊரூராகச் சென்று பதிவு செய்து, இரவில் வீடு திரும்பியதும் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, மறுநாளைக்காகக் கருவியை அழித்து வைப்பேன். எட்டயபுரத்தில்தான் 1904ஆம் ஆண்டு, வித்தியா விலாசினி அச்சகத்தில், சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' அச்சேறியது. வாய்வழியாக வந்த கீர்த்தனைகளைச் சுரக் குறிப்போடு தாளில் நிறுத்திய நூல் அது. அதே ஊரில் இருந்துகொண்டு நானும் அதன் சிறு துளியளவேனும் செய்கிறேன் என்ற பெருமிதம் எனக்கு இருந்தது. தாளை நம்பிய முன்னோரைப் போலன்றி நான் வன்தட்டை நம்பினேன். அதற்கொரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்ற அறிவு மட்டும் இல்லாமல் போயிற்று.

2010 சித்திரையில் ஒருநாள் திரையில் செங்குத்தாகக் கோடுகள் தோன்றின. தறியில் பாவு ஓட்டியது போல, வரிசை தவறாத மெல்லிய கோடுகள். அணைத்து ஆற வைத்தபின் போட்டதும் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் எழுத்துகள் சிதறின. அதற்கு அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, வன்தட்டு முனகும் ஓசைகூடக் கேட்கிறது, திரை மட்டும் இருட்டு. வேறு திரையை இணைத்துப் பார்த்தும் அதே இருட்டு. உயிர் இருக்கிறது, முகம் இல்லை என்பது போன்ற நிலை.

கோவில்பட்டியில் கணினி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "கிராபிக்ஸ் சிப் போயிருக்கு அண்ணாச்சி. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்ல. அடியில ரெண்டு திருகாணிதான், கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டி ஃபைலை எல்லாம் எடுத்துத் தந்துருதேன். அஞ்சு நிமிசம்."

அடியில் பார்த்தேன். ஒரு திருகாணியின் தலைமேல் வெள்ளிநிறத்தில் சிறியதொரு முத்திரைத்தாள் ஒட்டியிருந்தது. அது கிழிந்தால் உத்தரவாதம் செல்லாது என்று அதன்மேலேயே அச்சிட்டிருந்தார்கள். உத்தரவாதத்தில் இன்னும் இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. கணினியின் விலையோ என் அப்போதைய சம்பளத்தில் மூன்று மாதத்துக்கு மேல். "வேண்டாம் தம்பி, கம்பெனியிலேயே கொடுத்துக்கிறேன்" என்று மூடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நிறுவனத்தின் சேவை மையம் மதுரையில். அருப்புக்கோட்டை வழியாகப் பேருந்தில் போய்ச் சேர்ந்தேன். தந்த படிவத்தில் பொடி எழுத்தில் பல வரிகள். கணினியில் உள்ள தரவுகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல, வாடிக்கையாளரே முன்னதாக நகலெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. திரை தெரியாத கணினியிலிருந்து எப்படி நகலெடுப்பது என்று கேட்டேன். "அது ஸ்டாண்டர்டு ஃபார்ம் சார்" என்றார் அங்கிருந்த பெண். கையெழுத்திட்டேன். 23 நாள் கழித்துக் கணினி திரும்பி வந்தது. மதர்போர்டு புதிது, திரை பளிச்சென்று இருந்தது. வன்தட்டும் அன்று வாங்கியதைப் போலவே துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மதர்போர்டை மாற்றிய பின் சோதித்துப் பார்ப்பதற்காக மென்பொருள்களை மீண்டும் நிறுவியதாகச் சொன்னார்கள்.

மற்ற ஊர்களின் பதிவுகள் சில, நண்பர்களுக்குக் கொடுத்திருந்த குறுந்தகடுகளில் தப்பின. முற்றாகப் போனவை, எட்டயபுரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் முதிய பெண் ஒருவர் மூன்று மாலைகளில் பாடிய பதினொரு பாடல்கள்.

புதிய மதர்போர்டும் நிலைக்கவில்லை. ஐந்தாம் மாதம், ஐப்பசி மழை நாளில், அதே கோடுகள். உத்தரவாதம் முடிந்திருந்தது. மாற்றிய பாகத்துக்குத் தனியாகத் தந்த 90 நாளும் கழிந்திருந்தன. இம்முறை மதர்போர்டுக்குக் கேட்ட தொகை கணினி விலையில் பாதிக்கு மேல். காரணம் கேட்டபோது தொலைபேசியில் சொன்னது: "டஸ்ட், ஹீட் சார். உங்க ஏரியா அப்படி."

மறுபடியும் கோவில்பட்டி இளைஞர்தான். இப்போது முத்திரையைக் கிழிப்பதில் எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை. அவர் சில்லைக் காட்டி விளக்கியதை அப்படியே தருகிறேன்: "சித்திரையில நம்ம கரிசக் காடு வெடிச்சுக் கெடக்கும்லா, அதே கததான். சூடாகுது, ஆறுது, சூடாகுது, ஆறுது. உள்ளுக்குள்ள பத்தவச்சது விரிசல் விட்டுரும். நா ஹீட் குடுத்தா ஒட்டும். எத்தன நாளைக்குன்னு கேக்காதிய." சூடான காற்றைப் பீச்சும் கருவியால் சில்லின்மேல் சற்று நேரம் காட்டினார். திரை உயிர்த்தது. ஆறு வாரம் தாங்கியது.

அவர் சொன்னது எவ்வளவு சரியானது என்பது பின்னர் வாசித்தபோது தெரிந்தது. வரைகலைச் சில்லு என்பது சிலிக்கன் துண்டு. அது ஒரு சிறு அடித்தட்டின்மேல் நுண்ணிய ஈயப்பற்றுப் புள்ளிகளால் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த அடித்தட்டு, அதைவிடப் பெரிய பற்றுக் குண்டுகளால் மதர்போர்டில் அமர்கிறது. சூடேறும்போது சிலிக்கன் விரிவது மிகக் குறைவு. அடித்தட்டோ அதைப்போல் ஐந்து மடங்கு வரை விரியும். இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட புள்ளிகள் ஒவ்வொரு முறையும் இழுபடுகின்றன. அந்த இழுவையைத் தாங்கத்தான் இடைவெளியில் பிசின் நிரப்புகிறார்கள். பிசினோ பற்றோ பொருந்தாததாக இருந்தால் புள்ளி களைத்து விரிசல் விடும். ஆகக் கொல்வது சூடு மட்டுமன்று, சூடும் ஆறுதலும் மாறிமாறி வருவது. அன்றாட மின்வெட்டில், தேய்ந்த பேட்டரியோடு நாளுக்கு நான்கைந்து முறை அணைந்து எழுந்த என் கணினியை நினைத்துக்கொண்டேன். கோவில்பட்டிக் காற்று ஏன் ஆறு வாரம் மட்டுமே தாங்கியது என்பதும் விளங்கியது. விரிசல் சில்லுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே இருக்கையில், கீழேயுள்ள குண்டுகளை உருக்கியோ மாற்றியோ பயனில்லை. சூட்டில் விரிசலின் இரு முகங்களும் சற்று நேரம் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவே.

இந்த நோய்க்கு ஊரறிந்த ஒரு வரலாறு உண்டு. என்னுடைய கணினி அந்தப் பட்டியலில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2008 ஜூலை 2 அன்று என்விடியா நிறுவனம், தன் முந்தைய தலைமுறை மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில், சில்லையும் அதன் பொதியையும் சேர்க்கும் பொருள்கள் வலுக்குறைந்தவை என்றும், அதனால் பழுதுகள் வழக்கத்தைவிட அதிகமாக நேர்கின்றன என்றும் அறிவித்தது. பழுது நீக்கும் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாகவும் சொன்னது. கவனிக்க வேண்டியது, இந்த அறிவிப்பு முதலீட்டாளர்களுக்கு வந்தது. எந்தெந்த மாதிரிகள் என்ற பட்டியல், கணினியை வாங்கியவர் கைக்கு அதில் கிடைக்கவில்லை. கணினி விற்ற நிறுவனங்கள் தத்தம் வழியில் செயல்பட்டன. டெல்லும் எச்பியும் குறிப்பிட்ட மாதிரிகளுக்கு உத்தரவாதத்தை நீட்டித்தன. விசிறி அதிக நேரம் சுழலும்படி மென்பொருள் மாற்றமும் தந்தன. அது குறையைத் தீர்க்கவில்லை, தள்ளிப்போட்டது என்று அப்போதே பலர் எழுதினார்கள். ஆப்பிளின் நடத்தை சற்று வேறு. தங்கள் கணினிகளுக்குப் பாதிப்பில்லை என்று என்விடியா உறுதி கூறியிருந்தும், தாங்களே ஆராய்ந்ததில் சில மேக்புக் புரோக்களிலும் பழுது இருப்பதாக 2008 அக்டோபரில் வெளிப்படையாக எழுதியது. வாங்கிய இரண்டாண்டு வரை இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொல்லி, பின்னர் அதை நான்காண்டு வரை நீட்டித்தது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2010இல் சமரசத்தில் முடிந்தது. பழுதுநீக்கமோ மாற்றுக் கணினியோ கிடைக்கும் என்றார்கள். அது அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு. அதே சில்லை மதுரையில் வாங்கியவருக்கு அந்தத் தீர்ப்பு செய்தித்தாள் செய்தி மட்டும்தான்.

இதையெல்லாம் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடப் பொறாமைதான் வந்தது. குறை உண்டு என்று ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால், அதன்பின் தேதியும் விதியும் படிவமும் வந்துவிடுகின்றன. ஒப்புக்கொள்ளாதவரை குறை நம் ஊரின் தூசியில் இருக்கிறது, வெயிலில் இருக்கிறது, நம் கையில் இருக்கிறது. முதல் மதர்போர்டும் மாற்றிய மதர்போர்டும் ஒரே வகையில் செத்தன என்பதை நான் கண்டேன். அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

வழக்குத் தொடுக்கலாமே என்று கேட்ட நண்பர்கள் உண்டு. அன்று நடைமுறையில் இருந்தது 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் நேர்ந்த இடத்திலோ மனுச் செய்ய வேண்டும். எனக்கு அது மதுரை. சோதித்தால்தான் தெரியும் என்ற வகைக் குறையானால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். புள்ளியளவு பற்றின் விரிசலை எந்த ஆய்வகத்தில் காட்டுவது? இரண்டாண்டுக் காலவரம்பு ஆய்வேட்டு வேலையிலேயே ஓடிப்போயிற்று. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்ய வழிவிட்டிருக்கிறது. இன்று எட்டயபுரத்துக்காரர் தூத்துக்குடியிலேயே கேட்கலாம். பொருளின் குறைபாட்டுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் தனி இயலும் அதில் உண்டு. 2022 டிசம்பரில் நடுவண் அரசு 'பழுது நீக்கும் உரிமை'க்கென்று இணையவாயில் ஒன்றையும் தொடங்கியது. வாங்கும் மாணவர்களிடம் இவற்றைச் சொல்லிவைக்கிறேன். முத்திரைத்தாளைப் பார்த்து அஞ்ச வேண்டாம், முதலில் நகலெடுங்கள் என்பதையும்.

ஏனெனில் நிறுவனத்தின்மேல் எனக்குள்ள வருத்தம் ஒருபுறமிருக்க, அந்த ஐந்து நிமிடம் என்னுடையது. ஒரு தாள்துண்டு கிழியாமலிருக்கப் பதினொரு பாடல்களை ஈடு வைத்தவன் நான்தான். அந்தத் தாள் காப்பாற்றித் தந்த இலவச மதர்போர்டு ஐந்து மாதம்கூட முழுதாக ஓடவில்லை.

கணினி வெறுமையாகத் திரும்பிய அதே மாதம் அந்த ஊருக்குப் போனேன். ஆச்சி திண்ணையில் பருத்தி ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, மறுபடியும் பாட முடியுமா என்று கேட்டேன். மிஷின் என்றால் என்ன, அழிந்தது என்றால் என்ன என்பதெல்லாம் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அன்னைக்குப் பாடுனது அன்னைக்கோட போச்சுய்யா. எம் மகன் செத்த நாளு அது, ஞாபகத்துல வந்துச்சு, பாடுனேன். இப்ப இந்த வெயில்ல, நெனச்ச நேரத்துக்கு வருமா?" என்றார். ஆயினும் என் மனம் நோகக்கூடாதென்று மூன்று பாடல்கள் பாடினார். அவை வேறு பாடல்கள். அடுத்த தையில் அவர் காலமானார். நான் போய்ச் சேர்ந்தபோது மற்றப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பாடல்களை வரிசை எண்ணிட்டுத் தந்திருக்கிறேன். 14 முதல் 24 வரை எண்கள் இல்லை. எண்களைச் சரிசெய்துவிடும்படி நெறியாளர் சொன்னார். நான் மாற்றவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, இடையில் தாள் ஏதும் விடுபட்டதா என்று கேட்டார். இல்லை ஐயா, எழுதியிருப்பது சரிதான் என்றேன்.