ஆடியில் வந்த விருந்தாளிகள்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பூட்டு வரும், பிரியாணி வரும், ஊருக்கு மேலே நிற்கும் மொட்டைப் பாறையும் கோட்டையும் வரும். எனக்கோ இனிமேல் இரண்டு கைப்பிடித் தேனீக்கள்தான் வரும்!

ஆடி மாதம் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, சமவெளியில் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் கேட்டிருந்த சுங்குடிச் சேலை வாங்குவதற்காகச் சின்னாளப்பட்டிக்குப் போயிருந்தேன். சேலையை வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே தோட்டத்தில் குடியிருக்கும் ஓர் அம்மாளைப் பார்க்கப் போனேன். அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். தேனீ வளர்க்கிறவர் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார்.

வாசலிலேயே என்னைக் கையமர்த்தி நிறுத்திவிட்டார்.

"சத்தம் போடாதீங்க தம்பி. விருந்தாளி வந்திருக்காங்க."

முருங்கைக் கிளையில், ஒரு தேங்காய் அளவுகூட இல்லாத பழுப்புக் கொத்து ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் தேனீ! நான் இரண்டடி பின்வாங்கினேன். அம்மாள் சிரித்தார்.

"பயப்படாதீங்க. வயிறு நிறையத் தேனைக் குடிச்சிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கும். கட்டுச்சோறோடு போறவங்க வழியிலே சண்டைக்கு நிப்பாங்களா?"

ஆடியில் நாம் யாரும் புதுக் குடித்தனம் போவதில்லை. தேனீக்கும் அது காலமில்லைதான். மாசி முதல் வைகாசி வரை பூ மலிந்திருக்கும்போதுதான் பெருத்த குடும்பம் பிரியும். பழைய ராணி ஒரு பெருங்கூட்டத்தோடு முதலில் வெளியேறும். அதன்பின் சில சமயம் புதிதாகப் பிறந்த ராணி ஒன்று, சிறு கூட்டத்தோடு கிளம்பும். பருவம் தப்பி வருகிற இத்தகைய சின்னக் கூட்டத்தை வளர்ப்பவர்கள் பலர் பொருட்படுத்துவதில்லை. பூவும் குறைவு, ஆளும் குறைவு, பிழைப்பது கஷ்டம்.

அம்மாளுக்கு அப்படி விட்டுவிட மனமில்லை. காரணம் உண்டு. அவர் கணவர் வளர்த்த ஆறு பெட்டிகளும் 1991, 92-ஆம் ஆண்டுகளில் காலியாகிவிட்டன. தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ் நோய், தென்னிந்தியா முழுவதும் நம் நாட்டுத் தேனீக்களைச் சூறையாடிய காலம் அது. புழுக்கள் நீர் கோத்த பைகள் போலாகி அறைக்குள்ளேயே மடிந்தன. பிறகு மரப்பொந்துகளில் தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் மறுபடி விருத்தியாயிற்று. "எது பிழைக்கும், எது பிழைக்காதுன்னு நாம யாரு தம்பி சொல்ல?" என்றார்.

ஓலைக்கூடை ஒன்றைக் கொத்துக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தார். கீழிருந்து தேங்காய் நாரின் புகையை லேசாகக் காட்டினார். இருட்டைத் தேடி ஈக்கள் மெல்ல மெல்லக் கூடைக்குள் ஏறின. மாலை மங்கியதும், பெட்டியின் வாசலருகே கூடையை உதறினார். உள்ளே நுழைந்தவற்றில் சில வாசலில் நின்று, வாலைத் தூக்கிச் சிறகை விசிறின. "இங்கேதான் வீடு, வாருங்கள்" என்று மற்றவற்றுக்கு வாசனையால் சொல்லும் செய்தியாம்!

அந்தப் பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். நியூட்டன் என்ற பாதிரியார் நம் சிறிய தேனீக்கென்றே அமைத்தது. 1911 முதல் 1917 வரை தென்னாட்டுக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பும் கற்றுக்கொடுத்தவர் அவர்.

பிடிப்பது சுலபம்; இருக்கவைப்பதுதான் பாடு. ராணி ஓடிவிடாமலிருக்க வாசலில் துளைத் தகடு ஒன்றைப் பொருத்துவார்கள். வேலைக்கார ஈ அதில் புகும். ராணி புக முடியாது. "போடவில்லையா?" என்று கேட்டேன்.

"போட்டால் கெட்டுது. இது கன்னி ராணியாயிருந்தால் ஆண் ஈயோடு சேர ஆகாயத்துக்குப் போய் வரணும். அடைச்சு வெச்சால் குடும்பம் விளங்காது. திறந்து விட்டால் கரிச்சான் குருவி கொத்திட்டுப் போயிடலாம். இல்லே, கூட்டமே கிளம்பிடலாம். ரெண்டிலே எதுன்னு துணிய வேண்டியதுதான்."

தகட்டைப் போடாமல் அவர் செய்தது இதுதான். இன்னொரு பெட்டியிலிருந்து, புழுக்கள் நிறைந்த நோயற்ற ஓர் அடையை எடுத்து, அதிலிருந்த ஈக்களை உதறிவிட்டு இதில் வைத்தார். தாங்கிச் சீராட்ட குழந்தை இருந்தால் தேனீ எளிதில் வீட்டை விட்டுப் போகாது. ராணி முட்டையிட்டாலும் புது ஈ வெளிவர மூன்று வாரம் ஆகும். அதுவரை இந்த இரவல் பிள்ளைகள் கைகொடுக்கும். ஏழு சட்டங்களுக்குப் பதில் மூன்றே வைத்துப் பலகையால் மறைத்தார். சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கரைத்து அந்தி வேளையில் வைத்தார். பகலில் வைத்தால் அயல் கூட்டம் கொள்ளையடிக்க வந்துவிடும். பெட்டியின் கால்களுக்கு அடியில், எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணங்கள்.

வாங்கிப் போன சேலையின் நிறம் வீட்டில் பிடிக்கவில்லை. அதை மாற்றுகிற சாக்கில் இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். போனதும் ஓடியது கடைக்கல்ல, தோட்டத்துக்கு!

அம்மாள் ஒன்றும் பேசாமல் சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தார். அறைக்கு ஒன்றாக, நூல் துணுக்குப் போல் வெள்ளை முட்டைகள்!

"இனிமே இது குடித்தனம்" என்றார்.

"தேன் எவ்வளவு கிடைக்கும்?"

"இந்த வருஷமா? என் சர்க்கரைதான் செலவு. முருங்கையும் வேம்பும் பூக்கட்டும், அப்புறம் பார்ப்போம்."

உங்கள் வீட்டு மரத்திலும் ஒரு நாள் இப்படிக் கொத்து தொங்கலாம். கொள்ளிக்கட்டையைத் தேடாதீர்கள், குழந்தைகளை விலக்கிவிட்டு, தேனீ வளர்ப்பவர் ஒருவருக்குச் சொல்லி அனுப்புங்கள். உயரமான கட்டடங்களில் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீ மட்டும் வேறு ஜாதி. அதன் பக்கமே போகக் கூடாது.

மாற்றி வாங்கிய சேலை பிடித்ததா என்று கேட்கிறீர்களா? பிடித்தது. தேன் நிறம்!