கரையில் ஒரு வெறுங்கதிரை

பாசிக்குடாக் கடலைப் பார்த்திருப்பீர்கள். நெடுந்தூரம் நடந்து போனாலும் இடுப்பளவுக்கு மேல் ஆழம் காட்டாத கடல் அது. போர்க் காலத்தில் அந்தக் கரையில் இருந்த விடுதிகள் பாழடைந்து கிடந்தன. 2011 முதல் புதிய விடுதிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அதன் பின்னர்தான் வெளிநாட்டவர்கள் வந்து மணலில் நின்று மணம் முடித்துச் செல்வதை எமது பெண்கள் காணத் தொடங்கினர். இதனை ‘டெஸ்டினேஷன் வெடிங்’ என்கிறார்கள். ஊரைக் கூட்டி வீட்டில் செய்யாமல், பிடித்த ஓர் இடத்தைத் தேடிப் போய், நெருங்கிய சிலருடன் செய்யும் திருமணம்.

2023ஆம் ஆண்டு, நான் வேலை செய்யும் கிராமத்துப் பெண்கள் குழுவுக்கு அப்படியொரு திருமணத்துக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டும் வேலை கிடைத்தது. குழுவில் தோரணம் பின்னுவதில் கைதேர்ந்தவர் ஒரு அக்கா. வாகரைப் பக்கத்தைச் சேர்ந்தவர். 2006இன் இறுதியில் இடம்பெயர்ந்தபோது செல் விழுந்து கணவரை இழந்தவர். அப்போது மகளுக்கு எட்டு வயது.

அன்று ஆடம்பரம் என்று சொல்ல அங்கு அதிகம் எதுவும் இருக்கவில்லை. காற்றில் அணையாதபடி கண்ணாடிச் சிமினிக்குள் விளக்குகள். மணலில் கால் புதையாமல் நடக்கப் பன்பாய் விரிப்பு. மணமகளின் கையில் இருந்த பூங்கொத்தின் காம்பைத் தாயின் பழைய சட்டைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். விவாகப் பதிவாளர் பதிவேட்டுடன் கடற்கரைக்கே வந்திருந்தார். முன்வரிசையில் ஒரு கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் மேல் ஒரு சால்வையும் பூவும்.

“மிஸ், அது ஆருக்கு?” என்று அக்கா கேட்டார். விடுதியில் வேலை செய்யும் தம்பியிடம் விசாரித்துச் சொன்னேன். “பொம்பிளையின்ர அம்மம்மாவுக்காம். போன வருசம் மோசம் போயிட்டாவாம்.”

அக்கா வெகுநேரம் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “செத்த ஆளுக்கே முன்னுக்கு இடம் குடுக்கிறாங்கள், மிஸ். நம்மட பக்கம் உயிரோட இருக்கிறவளையே பின்னுக்கு நில் எண்டுறாங்கள்” என்றார்.

தோரணத்தில் ஓலையை மடித்துக் குருவி செய்வோம் அல்லவா? மங்கல வீட்டில் குருவி மேல்நோக்கி நிற்கும், இழவு வீட்டில் தலைகீழாகத் தொங்கும். இந்த வேறுபாட்டைப் பிசகாமல் செய்யத் தெரிந்தவர் அக்கா. எத்தனையோ கலியாண வீடுகளின் வாசலில் அவர் கட்டிய தோரணம் ஆடியிருக்கிறது. ஆனால் முதல் நாள் இரவே ஓலையைப் பின்னிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் காலையில் எவரும் அவரைத் தேடியதில்லை. அவருடைய உழைப்பு மங்கலம், அவர் மட்டும் அமங்கலம் என்பது எந்த நியாயத்தில் சேரும்?

2024 வைகாசியில் அக்காவின் மகளுக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் உறவினர்கள் சிலர் வெளிநாட்டில் இருப்பவர்கள். கடற்கரை விடுதியில் செய்வோம் என்றார்கள். மகள் மறுத்துவிட்டாள். “கடற்கரையிலதான் செய்வம். ஆனா எங்கட கரையில. காசு குடுத்துக் கடல் பார்க்கத் தேவையில்லை” என்றாள். கரையோரத்து அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டோம். கச்சான் காற்று பலத்து வீசும் காலம். அதனால் கால்களை ஆழமாக நட்டு, மருதமுனைக் கைத்தறித் துணியை இறுக்கிக் கட்டினோம். விளக்குக்குச் சிமினி வைத்தோம். கரையில் ஒதுங்கிய சிப்பிகளைப் பொறுக்கிப் பாதையின் இரு பக்கமும் அடுக்கினோம். முருகைக்கல்லில் மட்டும் கை வைக்கவில்லை, அது சட்டப்படி குற்றம். செலவு குறைவுதான். ஆனால் வந்தவர்கள் நின்று நின்று பார்த்தார்கள்.

மகள் கேட்டவை இரண்டுதான். ஒன்று, தாலி கட்டும் அன்றே பதிவும் நடக்க வேண்டும். அவளுடைய தாயின் திருமணம் கோயிலில் நடந்து, பதியப்படாமலேயே போனது. கணவரை இழந்த பின் மனைவி என்று நிரூபிக்க அக்கா அலுவலகம் அலுவலகமாக அலைந்ததை அவள் கண்டிருக்கிறாள். மற்றையது, முன்வரிசையில் தந்தைக்கு ஒரு கதிரை. படம் ஒன்றும் மிஞ்சவில்லை. இடம்பெயர்ந்தபோது உடுப்பு மூட்டை கட்டிய தந்தையின் சாரம் ஒன்று மட்டும் இருந்தது. அதைத் துவைத்து மடித்துக் கதிரையில் வைத்தாள்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். ஆலாத்தி எடுப்பது யார் என்ற கேள்வி வந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா தயங்கியபடி, “தாய் எடுக்கிறது சரியில்லைத்தானே?” என்றார். நான் சமூகவியல் படித்தவள். விதவைகளை ஒதுக்கும் வழமைகள் பற்றிப் பயிற்சிப் பட்டறைகள் நடத்துபவள். ஆனால் அந்த நேரத்தில், “பிரச்சினை வேண்டாம் அக்கா, வேற ரெண்டு பேரை விடுவம்” என்று சொன்னவள் நான்தான். அக்கா ஒன்றும் பேசவில்லை. தான் கட்டிய தோரணத்தின் கீழே போய் நின்றுகொண்டார்.

தாலி கட்டி முடிந்தது. ஆசீர்வாதம் பெறும் நேரம் வந்ததும் மகள் எவரிடமும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கி, நேரே தோரணத்தடிக்கு நடந்தாள். முதலில் தாயின் காலில் விழுந்தாள். பிறகு தாயை அழைத்து வந்து, சாரம் வைத்திருந்த கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள். சிலர் முணுமுணுத்தார்கள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சற்று நேரத்தில் குழுவிலிருந்த இன்னும் இரண்டு பெண்கள், கணவரை இழந்தவர்கள், பந்தலின் பின்புறத்திலிருந்து எழுந்து முன்னால் வந்து அமர்ந்தார்கள். அவர்களை எவரும் அழைக்கவில்லை.

அன்று மாலை அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க பயந்திட்டீங்க மிஸ். அவள் பயப்படல்ல” என்றார். அவ்வளவுதான்.

சகோதரிகளே, திருமணத்துக்கு அழகு சேர்க்கப் பூவும் விளக்கும் வேண்டியதுதான். அவற்றோடு, உங்கள் வீட்டுப் பந்தலின் முன்வரிசையில் யாருடைய கதிரை இருக்கப் போகிறது என்பதையும் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். நான் செய்ததைப் போலக் கடைசி நேரத்துக்கு விட்டுவிடாதீர்கள்.